பாப் ரிவெட்டா, சாலிட் ரிவெட்டா, ரிவெட் நட்டா? தகடுகளை இணைக்கும் முன் முடிவு செய்ய வேண்டியவை

தகடுகளைத் துளைவழியே நிரந்தரமாகக் கவ்விப் பிடிக்கும் உலோக ஆணிதான் ரிவெட். ஹார்டுவேர் கடையில் "ரிவெட் ஒரு பாக்கெட் கொடுங்க" என்று கேட்டால், பெரும்பாலும் கைக்கு வருவது 3.2 அல்லது 4.8 மி.மீ. அலுமினிய பாப் ரிவெட்தான். நிறைய வேலைகளுக்கு அது போதும். போதாத இடத்திலும் அதையே அடித்துவிடுவதால்தான் பஸ் பக்கவாட்டுத் தகடு கடகடக்கிறது, மழைநீர்த் தொட்டி ஒழுகுகிறது, பெயர்ப்பலகை அலையலையாக நெளிகிறது. ரிவெட் மட்டமான சரக்காக இருந்ததால் கெட்ட இணைப்புகள் குறைவு. நீளம் பொருந்தாமலோ, துளை பெரிதாகிப் போயோ, அந்த வேலைக்கே ஆகாத வகையைப் போட்டோ கெட்டவைதான் அதிகம்.

தேர்வை உலோகத்திலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது, தகட்டின் பின்பக்கம் கை போகுமா என்பது. போகாது என்றால் பாப் ரிவெட் (முன்பக்கமிருந்தே இழுத்துப் பொருத்துவது), லாக் ரிவெட் (கம்பி உள்ளேயே பூட்டிக்கொள்ளும் வலுவான வகை), ரிவெட் நட் (தகட்டில் மரை கொடுக்கும் நட்) ஆகிய மூன்றுக்குள்தான் தேர்வு. போகும் என்றால் சாலிட் ரிவெட்டும் (முனையை அடித்துத் தலையாக்கும் திண்ம ஆணி) செமி டியூபுலர் ரிவெட்டும் (முனையில் மட்டும் குழிவுள்ளது) சேர்ந்துகொள்ளும். அடுத்தது, இணைப்பின் மேல் விசை எப்படி வருகிறது என்பது: இரண்டு தகடுகளும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கப் பார்க்கின்றனவா, அல்லது ஒன்றிலிருந்து ஒன்று பிய்ந்து வரப் பார்க்கிறதா? ரிவெட் முதல் வகை விசைக்காகவே உள்ளது. இரண்டாவதைத் தாங்க வேண்டுமென்றால் போல்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே இறங்க வேண்டும். அதன் பிறகுதான் தண்ணீர், உப்புக்காற்று, பின்னாளில் கழற்ற வேண்டி வருமா என்ற கேள்விகள்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். கரூரிலும் நாமக்கல்லிலும் பஸ், லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் அன்றாடம் நடப்பதுதான்: 1.2 மி.மீ. அலுமினிய ஷீட்டை, 2 மி.மீ. சுவருள்ள இரும்பு ஸ்கொயர் டியூபின் மேல் பொருத்த வேண்டும். டியூபுக்குள் கை போகாது. ஆகவே பாப் ரிவெட். கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

பாப் ரிவெட் எப்படிப் பிடிக்கிறது

பாப் ரிவெட் ஒரு குழாய். அதன் நடுவே ஒரு கம்பி. கம்பியின் மறுமுனையில் உருண்டையான தலை. ரிவெட் கன் என்ற கருவி அந்தக் கம்பியை இழுக்கும்போது உருண்டை குழாயின் வாயை நசுக்கி விரிக்கிறது. பின்பக்கம் ஒரு குமிழ் உருவாகி, தகடுகள் இரண்டும் நெருங்கி, இழுவிசை உச்சத்துக்குப் போனதும் கம்பி தன் மெலிந்த கழுத்தில் 'டப்' என்று முறிகிறது. தகடுகளை இறுக்கும் வேலை முழுவதும் அந்த முறிவுக்கு முன்னால் நடந்து முடிந்துவிட வேண்டும். முறிந்த பிறகு இறுக்கத்தைக் கூட்ட வழியே இல்லை. போல்ட்டைப் போல இன்னொரு சுற்றுச் சுற்ற முடியாது.

அடித்து முடித்த பின் மிஞ்சுவது நடுவில் ஓட்டை உள்ள குழாய்தான். அதே விட்டமுள்ள சாலிட் ரிவெட்டின் வலு அதற்கு இருக்காது. ஐஎஸ்ஓ தர அட்டவணைகளில் 4.8 மி.மீ. பாப் ரிவெட்டுக்கு உள்ள குறைந்தபட்ச வெட்டுவலுவைப் பாருங்கள்: அலுமினிய உடலும் இரும்புக் கம்பியும் கொண்ட சாதாரண வகைக்குச் சுமார் 1200 நியூட்டன், இரும்பு உடலுக்குச் சுமார் 2900, எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) உடலுக்குச் சுமார் 4000. 1200 நியூட்டன் என்றால் ஏறத்தாழ 120 கிலோ எடை. ஆய்வகத்தில் மெதுவாக இழுத்துப் பார்த்த எண் அது. குழியும் மேடுமான சாலையில் ஓடும் வண்டியில் அதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் நம்பிக் கணக்குப் போடுவதுதான் பத்திரம். அப்படிப் பார்த்தால் ஓர் அலுமினிய ரிவெட் தாங்குவது 40 கிலோ. 400 கிலோ இழுவை வரும் இணைப்புக்குப் பத்து ரிவெட் வேண்டும்.

விட்டத்தைக் கூட்டினால் வலு அதன் இருமடியில் கூடும். 3.2-லிருந்து 4.8-க்குப் போனால் விட்டம் ஒன்றரை மடங்கு, வலு இரண்டேகால் மடங்கு. ஆனால் மெல்லிய தகட்டில் பெரிய ரிவெட் போட்டுப் பயனில்லை. ரிவெட் அறுபடாது, அதற்கு முன்பே தகடு துளை ஓரத்தில் கிழிந்துவிடும். இணையும் தகடுகளில் தடிமனானது எதுவோ, அதன் மூன்று மடங்கை விட்டமாக எடுத்துத் தொடங்கலாம். நம் எடுத்துக்காட்டில் 2 மி.மீ. சுவர், மூன்று மடங்கு 6. ஆனால் மேலே வருவது 1.2 மி.மீ. அலுமினியம். இரண்டுக்கும் நடுவில் 4.8 சரியாக அமையும்.

நீளமும் துளையும்

அதிகம் கெடுவது இங்கேதான். கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

இணைக்க வேண்டிய தகடுகளின் மொத்தத் தடிமனைத்தான் கிரிப் என்கிறோம். நம் வேலையில் 1.2 + 2.0 = 3.2 மி.மீ. பாப் ரிவெட்டின் உடல் நீளம், கிரிப்போடு விட்டத்தின் ஒரு மடங்கிலிருந்து ஒன்றேகால் மடங்கு வரை கூட்டினால் வருவது. 3.2 + 4.8 = 8; ஒன்றேகால் மடங்கு கூட்டினால் 9.2. ஆக 4.8 × 8 மி.மீ. ரிவெட். இது அடிக்கணக்குதான். ஒவ்வொரு தயாரிப்பாளரும் டப்பாவின் மேல் கிரிப் எல்லையை அச்சிட்டிருப்பார்கள். கடைசி வார்த்தை அதுதான். சில்லறையாகப் பொட்டலம் கட்டி வாங்கும்போது அந்தத் தகவல் கடையிலேயே நின்றுவிடுகிறது. டப்பாவை ஒரு படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இதே வேலையில் பலரும் கவனிக்காமல் விடும் இடம் ஒன்று உண்டு. இரண்டு ஷீட்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் லேப். அங்கே கிரிப் 3.2 அல்ல, 1.2 + 1.2 + 2.0 = 4.4 மி.மீ. வரிசை முழுக்க 8 மி.மீ. ரிவெட்டையே அடித்துக்கொண்டு வந்தால், லேப் வரும் இடத்தில் பின்பக்கக் குமிழுக்கு உடல் போதாது. முன்பக்கம் பார்க்கத் தலை அழகாகத்தான் உட்கார்ந்திருக்கும். உள்ளே கம்பியின் உருண்டை குழாய்க்குள்ளேயே புதைந்து, டியூபின் சுவரில் அரைகுறையாகத் தொற்றிக்கொண்டிருக்கும். வண்டி ஓட ஓட முதலில் லூஸ் ஆவது இந்த லேப் ரிவெட்டுகள்தான். அங்கே மட்டும் 4.8 × 10 போட வேண்டும். இரண்டு நீளத்தையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டால் கலக்காது.

நீளம் கூடினாலும் ஆபத்துதான். குமிழ் தகட்டை ஒட்டாமல் தள்ளி உருவாகும். கம்பி முறிந்த பிறகும் தகடுகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும். விரலால் ரிவெட் தலையைத் திருப்பினால் சுற்றும். சுற்றும் ரிவெட் பிடித்த ரிவெட் அல்ல. கழற்றிவிட்டு மறுபடி அடியுங்கள்.

தடிமன் ஒரே சீராக இல்லாத பழைய பாடி, மேலே பழுதுத் தகடு ஒட்டிய இடம், எத்தனை அடுக்கு உள்ளே இருக்கிறது என்று தெரியாத டியூப் ஆகியவற்றுக்கு மல்டி கிரிப் ரிவெட் வாங்கலாம். ஒரே நீளம் பல தடிமன்களுக்குப் பிடிக்கும், விலை கூடுதல். புது வேலைக்குத் தேவையில்லை, பழுது வேலைக்குக் கொடுத்த காசு வீண் போகாது.

துளை: 3.2 ரிவெட்டுக்கு 3.3 மி.மீ. டிரில் பிட், 4.0-க்கு 4.1, 4.8-க்கு 4.9, 6.4-க்கு 6.5. பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் இடம். 4.9 பிட் கையில் இல்லை என்று 5 மி.மீ. பிட்டால் போட்டு, கையில் பிடித்த டிரில் ஆடி, பிட்டும் மொட்டையாக இருந்தால் துளை 5.2-ஐத் தொட்டுவிடும். அதில் 4.8 ரிவெட் விழும்போதே ஆடும். குமிழ் துளை ஓரத்தை முழுதாகப் பிடிக்காமல் ஒருபக்கம் சாயும். 3.3, 4.1, 4.9 பிட்களில் இரண்டிரண்டு வாங்கி ரிவெட் டப்பாவிலேயே போட்டு வையுங்கள். மற்ற வேலைக்கு அவற்றை எடுக்க விடாதீர்கள்.

துளை போட்டதும் தகடுகளைப் பிரித்து, நடுவே நிற்கும் பிசிறை எடுக்க வேண்டும். 10 மி.மீ. பிட் ஒன்றைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றினாலே போதும். பிசிறோடு அடித்தால், இழுபடும் ரிவெட்டின் உடல் இரண்டு தகடுகளுக்கும் இடையில் உள்ள மயிரிழை இடைவெளியில் வீங்கி அவற்றைத் தள்ளி வைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மழை பெய்தால் தெரியும்.

ஓரத்திலிருந்து துளையின் மையம் குறைந்தது விட்டத்தின் இரண்டு மடங்கு தள்ளி இருக்கட்டும்: 4.8-க்கு 10 மி.மீ. இரண்டு ரிவெட்டுகளுக்கு நடுவே குறைந்தது மூன்று மடங்கு. பாரம் தாங்கும் வரிசையில் பத்துப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் விலக வேண்டாம். விலகினால் நடுவே தகடு வாய் பிளக்கும். மூடி மறைக்க மட்டும் போடும் தகட்டுக்கு இந்த மேல் எல்லை அவ்வளவு கறாரில்லை.

தடிமன் வேறுபட்ட இரண்டு தகடுகளில், முடிந்தால் மெல்லியதை ரிவெட் தலையின் பக்கமும் தடித்ததைக் குமிழ் பக்கமும் வையுங்கள். எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்), பிளாஸ்டிக், பிளைவுட் போன்றவை குமிழ் பக்கம் வந்தே தீரும் என்றால் பின்னால் ஒரு அலுமினிய வாஷர் போடாமல் அடிக்காதீர்கள். குமிழ் விரியும் விசைக்கே எஃப்.ஆர்.பி. நூல் நூலாகப் பிளந்துவிடும்.

தலையின் வகை

சாதாரண டோம் (குவிந்த) தலையின் விட்டம் உடலைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு, 4.8-க்குச் சுமார் 9.5 மி.மீ. பெரிய ஃபிளேஞ்ச் வகையில் அதே 4.8 உடலுக்கு 14 அல்லது 16 மி.மீ. தலை கிடைக்கும். மெல்லிய தகடு, ரெக்ஸின், ரப்பர், பிளாஸ்டிக், ஏ.சி.பி. (நடுவே பிளாஸ்டிக், இருபுறமும் அலுமினியம் உள்ள பலகை) எல்லாவற்றுக்கும் இதுதான். விசை பரவுகிறது, தலை பொருளுக்குள் புதைவதில்லை.

தகட்டோடு மட்டமாக இருக்க வேண்டும் என்றால் கவுண்டர்சங்க் தலை. இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது: பாப் ரிவெட்டின் கவுண்டர்சங்க் கோணம் பொதுவாக 120 பாகை. பட்டறையில் கிடக்கும் கவுண்டர்சிங்க் பிட் ஸ்க்ரூவுக்கான 90 பாகை. அதில் போட்டால் தலை ஓரத்தில் மட்டும் தொட்டு நிற்கும், அல்லது ஆழம் அதிகமாகி மெல்லிய தகட்டில் துளையே பெரிதாகிவிடும். 1.5 மி.மீ.-க்குக் கீழான தகட்டில் கவுண்டர்சங்க் ஆசையையே விட்டுவிடலாம்.

சீல்டு வகையில் குழாயின் அடிமுனை மூடியிருக்கும். முறிந்த கம்பியின் தலை உள்ளேயே அடைபடும். தண்ணீர்த் தொட்டி, கூரை மழைநீர் வாய்க்கால், ஏர் டக்ட், மின்பலகைப் பெட்டி ஆகியவற்றுக்கு இதுவே சரி. மின்பலகையில் இது நீருக்காக மட்டுமல்ல. திறந்த வகையில் கம்பியின் துண்டு உதிர்ந்து பஸ்பாரின் (மின்சாரம் ஓடும் பட்டை) மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் சீல்டு ரிவெட் தன் ஓட்டையைத்தான் அடைக்கிறது. தகடுகளின் இடுக்கை அது அடைக்காது. லேப்பில் சீலண்ட் (இடுக்கை அடைக்கும் பசை) ஒரு கோடு இழுத்துவிட்டே அடிக்க வேண்டும்.

மரத்தில் உலோகத் தகட்டைப் பொருத்த பீல் வகை உண்டு: இழுக்கும்போது உடல் நான்காகக் கிழிந்து இதழ் இதழாக விரியும். கூரைக்கான நெளி பிளாஸ்டிக் ஷீட்டுக்கு மூன்று கால் விரியும் வகை, ரப்பர் வாஷரோடு வருகிறது. இவை பாரம் தாங்க அல்ல, மென்மையான பொருளைக் கிழிக்காமல் பிடிக்க.

சாலிட் ரிவெட்: பின்னால் கை போனால்

இருபக்கமும் எட்டுகிற இடத்தில், அதிர்வு அதிகமாக உள்ள இடத்தில், சாலிட் ரிவெட்டுக்கு ஈடு இல்லை. அடிக்கும்போது அதன் உடல் வீங்கித் துளையை முழுக்க நிரப்புகிறது. ரிவெட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே ஆட இடமே இல்லாததால் அதிர்வு உள்ளே நுழைய வழி கிடைப்பதில்லை. விமானத்தின் உடல் தகடுகளில் இன்றும் சாலிட் ரிவெட்டே கோலோச்சுவது இதனால்தான். பாலம் போன்ற பெரிய இரும்பு வேலைகளில் ரிவெட்டைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி அடித்தார்கள். ஆறும்போது சுருங்கி அது தகடுகளை இன்னும் நெருக்கிப் பிடிக்கும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலமும் 1943-இல் திறந்த ஹவுரா பாலமும் அந்தக் கால ரிவெட் வேலைதான். இப்போது அந்த இடத்தை உயர்வலு போல்ட்டும் வெல்டிங்கும் பிடித்துக்கொண்டன. பட்டறை அளவில் சாலிட் ரிவெட் என்றால் குளிர்நிலையில் அடிக்கும் 3 முதல் 6 மி.மீ. வரைதான்.

இதன் நீளக் கணக்கு வேறு: கிரிப்போடு விட்டத்தின் ஒன்றரை மடங்கு. 5 மி.மீ. ரிவெட், 6 மி.மீ. கிரிப் என்றால் 13.5 மி.மீ. நீளம். அடித்து முடித்த தலை விட்டத்தின் ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருக்க வேண்டும், 5 மி.மீ.-க்கு 7.5 அகலம், 2.5 உயரம். இந்த அளவில் துளையிட்ட ஒரு சிறு தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு தலைகளின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே போகலாம். தலை சாய்ந்திருந்தால், பின்னால் முட்டுக் கொடுத்துப் பிடிக்கும் இரும்புக்கட்டி நேராக இல்லை. ஓரம் வெடித்திருந்தால் அதிகமாக அடித்திருக்கிறீர்கள், அல்லது ரிவெட் கடினமாகிவிட்டது. அலுமினியம் அடிக்க அடிக்க இறுகும். சின்னச் சின்னதாய் முப்பது அடி அடிப்பதைவிட, கனமான கட்டியை வைத்து ஏழெட்டு நல்ல அடி நல்லது.

செலவு எங்கே என்றால், ரிவெட்டில் இல்லை, ஆளில்தான். சாலிட் ரிவெட் பாப் ரிவெட்டைவிட மலிவு. ஆனால் இரண்டு பேர் வேண்டும், சத்தம் அதிகம், பழக்கமும் வேண்டும்.

பிரேக் லைனிங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். லாரியின் பிரேக் ஷூவில் லைனிங்கைப் பிடிப்பது பித்தளை, செம்பு அல்லது இரும்பாலான செமி டியூபுலர் ரிவெட்: தலைப்பக்கம் திண்மம், முனையில் மட்டும் குழிவு. அந்தக் குழிவு மட்டுமே விரிந்து சுருள்வதால், கொஞ்ச விசையிலேயே லைனிங்கை உடைக்காமல் பிடித்துவிடும். ஷூவின் நடுவிலிருந்து தொடங்கி இரு முனைக்கும் மாறி மாறிப் போக வேண்டும். முனைகளை முதலில் அடித்தால் நடுவில் லைனிங் எழும்பி நின்று, பிரேக் பிடிக்கும்போது விரிசல் விடும். இந்த இடத்தில் பாப் ரிவெட்டைப் போடவே கூடாது. சூட்டில் தளரும், லைனிங் தேய்ந்ததும் உள்ளே மிஞ்சிய இரும்புக் கம்பி டிரம்மைக் கீறும். இது உயிர் சம்பந்தப்பட்ட இடம்.

பின்னால் எட்டாது, பாரமும் உண்டு என்றால்

லாரி டெக் தகடு, கன்டெய்னர் பாடி, சீட் அடிச்சட்டம் போன்றவற்றில் உள்ளே கை போகாது. ஆனால் சாதாரண பாப் ரிவெட் தாங்காது. இதற்கென்று உள்ளது லாக் ரிவெட் எனப்படும் ஸ்ட்ரக்சரல் பிளைண்ட் ரிவெட்; கடைகளில் மோனோபோல்ட், மேக்னாலாக் போன்ற பெயர்களில் கேட்பார்கள். இழுத்து முடிந்ததும் கம்பி தலை மட்டத்தில் முறிந்து உடலுக்குள்ளேயே பூட்டிக்கொள்கிறது. வெட்டுவிசை வரும்போது குழாயோடு கம்பியும் சேர்ந்து தாங்குவதால் வலு பல மடங்கு ஏறுகிறது. கம்பி உதிர்வதில்லை, அதிர்வுக்கு அசைவதில்லை, கிரிப் எல்லையும் அகலம்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள். 6.4 மி.மீ. இரும்பு லாக் ரிவெட்டைக் கை கன்னால் இழுக்க முடியாது. 5 முதல் 7 பார் காற்றழுத்தத்தில் ஓடும் ஹைட்ரோ நியூமேட்டிக் கன் வேண்டும். பூட்டும் வகைக்கு ஏற்ற நோஸ் பீஸும் (கன்னின் மூக்குத் துண்டு) வேண்டும்; சாதாரண நோஸில் போட்டால் கம்பி பூட்டாமலே முறியும், அப்போது காசு கொடுத்து வாங்கிய வலு கிடைக்காது. மொத்தமே இருபது ரிவெட் என்றால் அந்தக் கன்னை வாங்காமல் வாடகைக்கு எடுங்கள், அல்லது டியூபில் வழி வெட்டி போல்ட் போடுங்கள்.

சாதாரண கன் விஷயத்திலும் ஒரு வார்த்தை: ஒற்றைக் கை கன் 4.8 அலுமினியம் வரை சரி. 4.8 இரும்பு அல்லது எஸ்.எஸ். என்றால் இரு கை நீள ஹேண்டில் கன் எடுங்கள். ஒற்றைக் கை கன்னில் எஸ்.எஸ். அடித்தால் பாதியில் விட்டு விட்டு இழுப்பதால் கம்பியைக் கவ்வும் ஜா பற்கள் வழுக்கி, கம்பி வழவழப்பாகி, அதற்கு மேல் இழுக்கவே முடியாமல் போகும்.

கழற்றி மாட்ட வேண்டிய இடம்: ரிவெட் நட்

பேட்டரிப் பெட்டி மூடி, ஆய்வுக் கதவு, இருக்கை, கைப்பிடி என்று அடிக்கடி கழற்ற வேண்டியவற்றை ரிவெட்டால் மூடினால், ஒவ்வொரு முறையும் டிரில் எடுக்க வேண்டியிருக்கும். 1 மி.மீ. தகட்டில் ஸ்க்ரூ போட்டாலோ ஒன்றிரண்டு மரைதான் பிடிக்கும். நாலு முறை கழற்றினால் போய்விடும். ரிவெட் நட் தகட்டில் உட்கார்ந்து, உள்மரையைக் கொடுக்கிறது. பொதுவான துளை அளவுகள்: எம்4-க்கு 6 மி.மீ., எம்5-க்கு 7, எம்6-க்கு 9, எம்8-க்கு 11.

இதன் பெரிய நோய், போல்ட்டைத் திருப்பும்போது நட்டும் சேர்ந்து சுற்றுவது. துளை பெரிதானாலோ, சரியாக இழுக்காமல் விட்டாலோ வரும். அறுகோண உடல் உள்ளதை அறுகோணத் துளையில் போட்டால் இது அறவே வராது. வட்டத் துளைதான் முடியும் என்றால் வெளியே வரிவரியான நர்ல் உள்ளதை வாங்குங்கள். வழுவழு உடல் உள்ளதை மெல்லிய அலுமினியத்தில் போடாதீர்கள். சுற்றத் தொடங்கிய நட்டை எடுப்பது மிகவும் தொல்லை பிடித்த வேலை.

எந்த உலோகம்

தகடும் ரிவெட்டும் ஒரே உலோகமாக இருப்பது நல்லது. முடியாதபோது இந்த விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: இரண்டு உலோகம் ஈரத்தில் தொட்டால் வீரியமானது அரிபடும், அப்படி அரிபடுவது பரப்பில் சிறியதாக இருந்தால் வேகமாக அழியும். எஸ்.எஸ். தகட்டில் அலுமினிய ரிவெட் போட்டால், பெரிய எஸ்.எஸ். பரப்பு சின்ன ரிவெட்டைத் தின்றுவிடும். தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ கடலோரத்தில் வைத்தால் இன்னும் வேகம். செம்புத் தகட்டுக்கு அலுமினிய ரிவெட் அதைவிட மோசம். செம்புக்குச் செம்பு ரிவெட்தான்.

திருப்பிப் போட்டால், அலுமினியத் தகட்டில் எஸ்.எஸ். ரிவெட், அவ்வளவு மோசமில்லை. அரிபடும் அலுமினியம் பரப்பில் பெரியது என்பதால் அரிப்பு பரவி மெதுவாக நடக்கும். துளை ஓரத்தில் மட்டும் வெள்ளைப் பொடி பூக்கும். அதற்கு ரிவெட்டை அடிக்கும் முன் பி.யூ. (பாலியூரித்தேன்) சீலண்டிலோ ஜிங்க் குரோமேட் பிரைமரிலோ தோய்த்து எடுப்பது மருந்து. ஆனால் 1 மி.மீ.-க்கு உட்பட்ட மெல்லிய அலுமினியத்தில் எஸ்.எஸ். ரிவெட் கடினம் மிகுந்தது. அது விரிவதற்குள் தகட்டின் துளை நெளிந்துவிடும். கடலோரத்தில் மெல்லிய அலுமினிய வேலைக்கு, கம்பியும் அலுமினியமாக உள்ள ரிவெட் நல்ல தேர்வு. வலு குறையும், அதைச் சரிக்கட்ட எண்ணிக்கையைக் கூட்டுங்கள். அலுமினிய உடல், இரும்புக் கம்பி உள்ள சாதாரண வகையில் உடல் துருப்பிடிக்காது. உள்ளே மிஞ்சிய கம்பித் துண்டு துருப்பிடித்து, வெள்ளைத் தகட்டில் ஒவ்வொரு ரிவெட்டின் கீழும் பழுப்புக் கோடாக வடியும்.

நம் பஸ் தகட்டில் அலுமினியமும் இரும்பு டியூபும் நேராகத் தொடுகின்றன. டியூபுக்கு எபாக்ஸி பிரைமர் அடிக்காமல், நடுவே சீலண்ட் அல்லது டேப் வைக்காமல் ரிவெட் அடித்தால், ரிவெட் நன்றாக இருக்கும்போதே தகட்டின் பின்பக்கம் வெள்ளையாய் உதிரத் தொடங்கும்.

வெயிலைக் கணக்கில் எடுங்கள்

2.4 மீட்டர் நீள அலுமினிய ஷீட் இரும்புச் சட்டத்தின் மேல் இருக்கிறது. விடியற்காலைக்கும் உச்சி வெயிலுக்கும் தகட்டில் 40 பாகை வித்தியாசம் என்று வைத்தால், அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ 1.1 மி.மீ. கூடுதலாக நீளும். நெருக்கமாக ரிவெட் அடித்துப் பூட்டிய தகடு நீள இடமில்லாமல் நடுவில் புடைக்கும். நாள்தோறும் இப்படி நீண்டு சுருங்கி, ஓரத் துளைகள் முட்டை வடிவமாகும். நீளமான பக்கவாட்டுத் தகட்டுக்கு, நடுவே மீள்தன்மையுள்ள பி.யூ. பசையும், ஓரத்தில் மட்டும் ரிவெட்டும் வைப்பது நல்ல தீர்வு. பசை கொஞ்சம் விட்டுக் கொடுக்கும், ரிவெட் பிய்ந்து வராமல் பிடிக்கும்.

ஏ.சி.பி. பலகையில் இது இன்னும் முக்கியம். 3 மீட்டர் பலகை 40 பாகைக்கு ஏறத்தாழ 2.9 மி.மீ. நீளும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் ரிவெட்டுக்கு ஏற்ற துளை. மற்ற எல்லா இடத்திலும் 5 மி.மீ. ரிவெட்டுக்குப் பலகையில் 8.5 மி.மீ. துளை, உள்ளே சட்டத்தில் மட்டும் 5.1. மேலே 14 மி.மீ. தலை அந்தப் பெரிய துளையை மூடிக்கொள்ளும். கன்னின் நோஸில் 0.3 மி.மீ. இடைவெளி விடும் நோஸ் பீஸ் மாட்டி, தலை பலகையை நசுக்காமல் அடிக்க வேண்டும். எல்லாத் துளையும் 5.1 என்று போட்டு முடித்த பெயர்ப்பலகை, முதல் கோடையிலேயே நெளிந்து நிற்கும்.

எதற்கு எது, சுருக்கமாக

பஸ் பக்கவாட்டுத் தகடு: 4.8 மி.மீ. அலுமினிய பாப், லேப்பில் நீளம் மாற்றி. லாரி தளத் தகடு: 6.4 லாக் ரிவெட் அல்லது போல்ட். கூரை மழைநீர் வாய்க்கால்: 4.0 சீல்டு, இரண்டு வரிசை, சீலண்ட். ஏர் டக்ட்: 3.2 அல்லது 4.0 சீல்டு, அலுமினிய டேப்போடு. கடலோர எஸ்.எஸ். வேலை: எஸ்.எஸ். பாப், நீள ஹேண்டில் கன்னோடு.

வரிசையில் அடிக்கும்போது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராகப் போகாதீர்கள். முதலில் நான்கு மூலை, பிறகு நடு, பிறகு இடைவெளிகள். ஒரு முனையிலிருந்து போனால் தகடு தள்ளிக்கொண்டே வந்து கடைசித் துளைகள் பொருந்தாது. அப்போது துளையை அகட்டத்தான் கை போகும்.

தவறாக அடித்ததை எடுக்க, ரிவெட்டின் விட்டத்திலேயே பிட் வையுங்கள். மேலே நிற்கும் கம்பியின் முனையை முதலில் பஞ்ச் (மழுங்கிய முனையுள்ள உளி) வைத்து உள்ளே தட்டிவிட்டால் பிட் நழுவாது. தலை மட்டும் தனியாகக் கழன்று வளையமாக வந்ததும் நிறுத்துங்கள். அதற்குமேல் போனால் துளை பெரிதாகும். மிஞ்சிய உடலை அதே பஞ்ச் வைத்துப் பின்னால் தள்ளுங்கள். தலை பிட்டோடு சுற்றினால், தகட்டில் ஒரு மரத்துண்டை வைத்து மெல்லிய உளியால் தலையின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு துளையுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் துளை பெரிதாகியிருந்தால் அதே அளவு ரிவெட்டை மறுபடி திணிக்காதீர்கள். 3.2 போன இடத்தில் 4.0, 4.0 போன இடத்தில் 4.8. ஒவ்வொரு முறை பெரிதாக்கும்போதும் ஓர இடைவெளி இன்னும் இரண்டு விட்டம் இருக்கிறதா என்று அளந்துவிட்டே பிட்டை வையுங்கள்.